அந்த புளோக்கில் நமக்கு யாரும் இல்லை

என் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பெருமை வந்துவிடும். ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் ஆன பிறகும் அப்படித்தான். தேக்கா சந்தையில் காலையில் தே ஓ என்னும் பால் சேர்க்காத தேநீர் குடிக்கக் கூடும் என் வயதுக்காரர்கள் மருமகன்களைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசும்போது, நான் வாடிக்கையாளர் பதிவுகளைப் பற்றிப் பேசுவேன். "பாய் கம்ப்யூட்டரைத் திறந்துட்டாரு, இனிமே மத்தியானம் வரைக்கும் மூட மாட்டாரு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் நிறுத்த மாட்டேன்.

எனவே பெருமையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வேன் ஓட்டுநரின் நல்ல பெயரை நான் கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால், எந்த வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் கடைசியாக வேலை பார்த்த நிறுவனம் நோயாளிகளை வேனில் ஏற்றிச் சிகிச்சைக்குக் கொண்டுபோய், பிறகு வீட்டில் இறக்கிவிடும் நிறுவனம். பெரும்பாலானவர்கள் டயாலிசிஸ் நோயாளிகள். வாரம் மூன்று நாள் போக வேண்டும், தவறக் கூடாது. கைப்பேசியில் எங்களுக்கென்று ஒரு செயலி இருந்தது. வேன் எங்கே வருகிறது என்று அதில் பார்க்கலாம். வீடு வந்து சேர்ந்ததும் ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை என்று தட்டிவிட்டு, விரும்பினால் கீழே இரண்டு வரி எழுதலாம்.

நான் சேர்ந்தபோது அங்கே பதிவுகள் கிடந்த கோலத்தைக் கணிதம் படித்த எவராலும் தாங்கிக்கொள்ள முடியாது. ஒரே ஆள் மூன்று இடத்தில் இருந்தார். இறந்துபோனவர்களின் பெயரில் வேன் அனுப்பப்பட்டது. அஞ்சல் குறியீடு ஒன்று, அடுக்குமாடிக் கட்டடத்தின் புளோக் எண் வேறொன்று. தப்பான புளோக்கின் கீழே வேன் நின்றுகொண்டிருக்கும். சரியான புளோக்கின் கீழே சக்கர நாற்காலியில் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். இதைத்தான் நான் சரி செய்தேன். எழுதும்போதே நிமிர்ந்து உட்கார்கிறேன், பாருங்கள்.

என் முறை எளிமையானது. ஒருவருக்கு இரண்டு முகவரிகள் இருந்தால், எந்த முகவரியில் அதிகத் தடவை ஏற்றி இறக்கியிருக்கிறோமோ அதுவே சரி. மற்றது யாரோ தவறாகத் தட்டியது, அது நீக்கப்படும். ஞாயிறு மாலைதோறும் இந்தத் துப்புரவு தானாக நடக்கும். நீக்கியதை எங்காவது சேமித்து வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். குப்பையைக் கூட்டியபிறகு அதை எதற்கு வீட்டுக்குள் வைத்திருப்பது என்று சொல்லி மறுத்தேன். அப்படிச் சொன்னபோது எல்லாரும் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

வாடிக்கையாளர் கருத்துகளுக்கும் ஒரு முறை வைத்தேன். ஒன்று, இரண்டு நட்சத்திரம் என்றால் அன்றே ஒரு மனிதர் படிக்க வேண்டும். மூன்று, நான்கு என்றால் வாரக் கடைசியில். ஐந்து நட்சத்திரம் போட்டவர் திருப்தியாக இருக்கிறார். அவர் எழுதியதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. எங்களிடம் ஆள் குறைவு. இருக்கிற கண்களைக் குறை இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

இரண்டும் வேலை செய்தன. தப்பான புளோக்குக்கு வேன் போவது அபூர்வமாகிவிட்டது. எங்கள் இயக்குநர், என்னைவிட இளைய சீனர், மருத்துவமனைக்காரர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னையும் அழைத்துப் போவார். "இவர்தான் எங்கள் ஆள்" என்று தோளில் கை வைத்துச் சொல்வார். அறுபதைத் தாண்டிய ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறகு மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். வேன்கள் உண்மையில் போன வழியையும், பதிவுப்படி போக வேண்டிய வழியையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் காட்டிக்கொடுக்கும் ஓர் அறிக்கை. அது வெளிவந்த முதல் மாதமே ஓர் ஓட்டுநரைக் காட்டியது.

செவ்வாய், வியாழன், சனி. மூன்று நாளும் பிற்பகலில் அவருடைய வேன் மார்சிலிங் வட்டாரத்தில் கடைசி ஆளை இறக்க வேண்டும். இறக்கியதாகச் செயலியில் அழுத்தியும் இருந்தார். ஆனால் வேன் மார்சிலிங்குக்கே போகவில்லை. வேறொரு வட்டாரமான புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு புளோக்கின் கீழே சில நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தது. வாரக்கணக்காக இதே கதை.

விசாரணை அறையில் நாங்கள் மூன்று பேர். இயக்குநர், நான், அந்த ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலில் ஆங்கிலத்தில் பதில் சொன்னவர், நான் தமிழன் என்பதால் கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"சார், நீங்க சொல்லுங்க அவர்கிட்ட. அங்க ஒரு அம்மா இருக்காங்க. அவங்களைத்தான் கொண்டுபோய் விடுறேன்."

"எந்த அம்மா?"

"காலையில மார்சிலிங்ல ஏத்துறேனே, அவங்கதான்."

நான் திரையில் பார்த்தேன். "அவங்க வீடு மார்சிலிங்தானே?"

"அது பழைய வீடு சார். வித்துட்டு மக வீட்டுக்குப் போயிட்டாங்க. காலையில பஸ் புடிச்சு மார்சிலிங் வந்து நிக்கிறாங்க. ஒரு நாள் பஸ்லேர்ந்து இறங்குறதைப் பார்த்துட்டுத்தான் கேட்டேன். காலையில நாலு பேரை ஏத்தணும், என்னால அங்க போக முடியாது. சாயந்தரம் அவங்கதான் கடைசி. டயாலிசிஸ் முடிஞ்ச உடம்போட எப்படி சார் பஸ்ல அனுப்புறது?"

"முகவரி மாறினதை ஆபீஸ்ல சொல்லலாமே."

"சொன்னேனே. ஃபோன் எடுக்கிற பொண்ணு மாத்திட்டேன்னுச்சு. அடுத்த வாரம் பார்த்தா பழைய அட்ரஸ்தான் வருது. அதை அழுத்தினாத்தான் டிரிப் முடியுது. அதான் அதையே அழுத்தினேன்."

மாற்றியதற்கான தடயம் எதுவும் பதிவில் இல்லை. இருக்காது, தடயம் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. வந்தது கோபம். என் பதிவைக் குறை சொல்கிறாரே என்ற கோபம்.

"பதிவுல அப்படி எதுவும் இல்லையே" என்றேன்.

"பதிவுல இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா சார்?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். அவருக்கு வேண்டியது ஒரே வரி. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்த புளோக்கில் நமக்கு யாரும் இல்லை."

அந்த அம்மாளின் தொலைபேசி எண் என் முன்னால் திரையில் இருந்தது. ஒரு தடவை அழைத்திருந்தால் போதும். நான் அழைக்கவில்லை. மார்சிலிங் முகவரிக்கு நேராக வரிசை வரிசையாகப் பயணங்கள் பதிவாகியிருந்தன; அவ்வளவு சான்று இருக்கும்போது அழைப்பது என் வேலைக்கே அவமானம் என்று எனக்குப் பட்டது. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சொந்தக் காரணத்துக்காக வேனைப் பயன்படுத்தினார், பொய்யாகப் பதிவு செய்தார் என்று கடிதம் போயிற்று. அந்தக் கடிதத்தில் நாளும் இடமும் இருந்த பத்தியை எழுதிக் கொடுத்தது நான்.

ஆறேழு மாதம் கழித்து, என்னோடு வேலை பார்த்த பெண் என் மேசைக்கு வந்தாள். முப்பது வயதுக்காரி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சின் கடைசியில் ஒரு 'லா' சேரும். கருத்துகளைப் படிக்கும் புதிய மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் வாங்களேன். ஒரு கஸ்டமர், எல்லாமே ஃபைவ் ஸ்டார். ஆனா படிச்சா ஃபுல்லா கம்ப்ளெய்ண்ட் லா."

"ஐந்து நட்சத்திரத்தை எதுக்கும்மா படிக்கிறே?"

"டெஸ்டுக்கு எடுத்தேன் சார். நீங்க படிச்சுப் பாருங்க."

நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தன. முதலாவது: "ஓட்டுநர் தம்பி நல்லவர். வண்டி சுத்தம். நான் இப்போது மகள் வீட்டில் இருப்பதால் காலையில் பஸ்ஸில் வந்து பழைய புளோக்கின் கீழே நிற்கிறேன். பரவாயில்லை. நன்றி." ஐந்து நட்சத்திரம்.

சில வாரம் கழித்து: "இன்று தம்பி வீடு வரை கொண்டுவந்து விட்டார். அல்லாஹ் அவருக்கு நல்லது செய்வான்." ஐந்து நட்சத்திரம். அதே போல் வாரத்துக்கு மூன்று.

பிறகு: "புதிய தம்பியும் நல்லவர். பழைய புளோக்கில் இறக்கிவிட்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பரவாயில்லை. பழைய தம்பிக்கு உடம்பு சரியில்லையா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நன்றி." ஐந்து நட்சத்திரம்.

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து ஃபோன் எடுக்கும் பெண்ணின் அழைப்புக் குறிப்புகளை நோண்டிப் பார்த்தபோது முழுவதும் விளங்கியது. முகவரியை மாற்றித்தான் இருந்தார்கள். ஒரு தடவையல்ல, பல தடவை. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் என் துப்புரவு அதைப் பழையபடி ஆக்கியிருந்தது. புக்கிட் பாஞ்சாங் முகவரியில் ஒரு பயணமும் இல்லை, மார்சிலிங்கில் ஏராளம். ஆகவே மார்சிலிங்தான் சரி. இதில் கொடுமை என்னவென்றால், அவர் பஸ் பிடித்து மார்சிலிங்குக்கு வந்து நின்ற ஒவ்வொரு நாளும் அந்த முகவரிக்கு இன்னொரு சான்று கூடியது. அவர் சிரமப்படச் சிரமப்பட என் கணக்கு உறுதியாகிக்கொண்டே போயிற்று.

அந்த நட்சத்திரங்களை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. வேறு யாருக்காவது தெரியாமல் போயிருக்கலாம். நான் எங்கள் ஆட்களுக்கு நடுவே வளர்ந்தவன். கடையில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் முதலில் "அருமை" என்போம். உப்பு தூக்கலாக இருந்ததைப் போகிற போக்கில் சொல்வோம். மதிப்பெண்ணை ஆளுக்காகப் போடுகிறோம், உண்மையை வார்த்தையில் வைக்கிறோம். ஒருவருடைய வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பது எங்களுக்கு முதல் கணக்கு. நான் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு வார்த்தையை வடிகட்டிக் கீழே கொட்டினேன்.

மறுநாள் புக்கிட் பாஞ்சாங் போனேன். லிப்டிலிருந்து இறங்கினால் மூன்றாவது கதவு. எழுபது வயதைத் தாண்டியவர், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் நெடுங்காலம் கடை வைத்திருந்தவராம். அவரும் எங்கள் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம் என்பதால் அக்கா என்ற பொருளில் லாத்தா என்றே அழைத்தேன். கையில் ஊசி போட்ட இடத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு எனக்கு வடை வைத்தார்.

"ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே லாத்தா."

"சொன்னேன் தம்பி. ரெண்டு தடவை. அந்தப் பொண்ணு மாத்திட்டேன்னு சொல்லுச்சு. மறுபடியும் பழையபடியே வருது. மூணாந்தடவையும் சொன்னா அந்தப் பொண்ணுக்குத்தானே திட்டு விழும்? வீடு மாறுனது நான். நான்தானே அனுபவிக்கணும்."

"ஒரு நட்சத்திரம் குறைச்சுப் போட்டிருந்தாக்கூட எங்க கண்ணுல பட்டிருக்கும்."

அவர் என்னை ஏதோ தகாததைச் சொல்லிவிட்டவனைப் போலப் பார்த்தார். "குறைச்சா டிரைவர் தம்பிக்கு ஏதாச்சும் ஆயிடாது?"

நான் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பழைய தம்பி எங்க இப்போ?"

"வேற வேலைக்குப் போயிட்டார்."

"நல்ல வேலைதானே?"

"ஆமா லாத்தா. நல்ல வேலை."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அடுத்து வந்த இரண்டு மாதம் என் வாழ்நாளிலேயே நான் நன்றாக வேலை செய்த காலம். இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை. முகவரி விதியைத் தலைகீழாக மாற்றினேன்: வாடிக்கையாளர் கடைசியாகச் சொன்னதே சரி, சந்தேகம் வந்தால் ஒரு மனிதர் அழைத்துக் கேட்க வேண்டும், எதையும் தடயமில்லாமல் அழிக்கக் கூடாது. பழைய ஐந்து நட்சத்திரக் கருத்துகளை நானும் மென்பொருளைச் சோதித்த அந்தப் பெண்ணும் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தோம். சக்கர நாற்காலியை ஏற்றும் பலகை ஆடுகிறது, பரவாயில்லை. குளிர்சாதனத்திலிருந்து தலையில் தண்ணீர் சொட்டுகிறது, குடை பிடித்துக்கொள்கிறேன், ஓட்டுநர் தங்கமானவர். மலாய்க்காரர்கள் அதே பொருளில் "தீடாக் அப்பா" என்று எழுதியிருந்தார்கள், சீனர்கள் ஆங்கிலத்தில் "நெவர் மைண்ட்" என்று. எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை, இந்த ஊரின் முதியவர்கள் எல்லாருமே ஏறக்குறைய அப்படித்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"சார், 'பரவாயில்லை'ன்னு யாராச்சும் எழுதினா உடனே அலாரம் அடிக்கிற மாதிரி வெச்சிடலாமா?" என்று அந்தப் பெண் விளையாட்டாகக் கேட்டாள். அதையே செய்தோம். ஐந்து நட்சத்திரமும் அந்தச் சொல்லும் சேர்ந்து வந்தால், அன்றே ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். அது எங்கள் நிறுவனத்தில் பேசுபொருளானது. எல்லாரையும் கூட்டி வைத்து என்னைப் பேசச் சொன்னார்கள். லாத்தாவின் கதையைச் சொன்னேன். பஸ்ஸை, பழைய புளோக்கை, சான்று பெருகிய விதத்தை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். கண்ணாடியில் என் பெயர் செதுக்கிய ஒரு பரிசு கொடுத்தார்கள்.

ஓட்டுநரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் என்னோடு நடந்தாள். "சார், அந்த டிரைவர் மேட்டரைச் சொல்லலையே."

"அது வேற ஃபைல்மா."

"ஃபைல் வேற. ஆளு ஒண்ணுதானே சார்?"

பிறகு நான் ஓய்வு பெற்று, கண்ணாடிப் பரிசை வரவேற்பறையில் வைத்தேன். வருகிறவர்கள் கேட்டால் லாத்தாவின் கதையைச் சொல்வேன். நன்றாகச் சொல்வேன். ஓட்டுநர் இல்லாமல் சொல்லிச் சொல்லி, அவர் இல்லாத கதையே எனக்கும் பழகிப்போயிற்று.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு மதியம் என் மனைவி கைப்பேசியில் சாப்பாடு வரவழைத்தாள். மழை. மீன் கறி ஆறிப்போய், பாதி பைக்குள் கொட்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே துடைத்தவள், கைப்பேசியை எடுத்து ஐந்து நட்சத்திரம் தட்டினாள்.

"ஆறிப்போச்சுன்னு இவ்வளவு நேரம் திட்டினியே" என்றேன்.

"அதுக்காக? கம்மியாப் போட்டு அந்த மனுஷன் வேலை போச்சுன்னா? நீங்க வேலைக்கு வைப்பீங்களா அவரை?"

எதையும் குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. அவளுக்கு ஓட்டுநரைப் பற்றித் தெரியவே தெரியாது. அன்று சாப்பிட்டு முடித்ததும் அவளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க பரிசை அலமாரிக்குள்ள எடுத்து வைங்க முதல்ல" என்றாள்.

அன்று மாலையே இயக்குநரை அழைத்தேன். நலம் விசாரித்துவிட்டு, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். அவரும் வேறு வேலைக்குப் போயிருப்பார். இப்போது எதற்குக் கிளற வேண்டும்?"

"ஒரு பதிவு தவறாக இருக்கிறது. அது நான் செய்த தவறு. திருத்த வேண்டும்."

பிறகு, "நீங்கள் விட மாட்டீர்கள், எனக்குத் தெரியும்" என்றார். நடந்ததை எழுத்தில் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். பல மின்னஞ்சல்களுக்குப் பிறகு, அந்த ஓட்டுநர் மீது சொல்லப்பட்டவை திரும்பப் பெறப்படுகின்றன என்று நான்கு வரியில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் தயாரானது. அதை நானே நேரில் கொடுக்க அனுமதி கேட்டேன். அலுவலகத்தில் என்னோடு இருந்த அந்தப் பெண்தான் ஓட்டுநரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அவர் சொன்ன பதிலை எனக்கு அப்படியே சொன்னாள்: "வரச் சொல்லுங்க. ஆனா கீழ காப்பிக்கடைக்கு வரச் சொல்லுங்க. வீட்டுக்கு வேணாம்."

மார்சிலிங்கில் அவருடைய புளோக்கின் கீழே இருந்த காப்பிக்கடை. எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டை அன்று போலவே தேய்த்திருந்தது.

"சார் முடியெல்லாம் வெளுத்துப்போச்சு."

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். என் விதி, ஞாயிறு மாலைத் துப்புரவு, அழைக்காத தொலைபேசி, கைதட்டல் எல்லாவற்றையும். இடையில் நிறுத்தினால் மெருகேற்றிவிடுவேன் என்ற பயத்தில் ஒரே மூச்சாகச் சொன்னேன். அவர் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரேயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அந்த அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. இப்போ வேன் அவங்க வீட்டுக்கே போகுது."

"அப்ப சரி." கரண்டியை வெளியே எடுத்து வைத்தார். "ஸ்கூல் பஸ் ஓட்டக் கேட்டேன் சார். பழைய இடத்துல விசாரிச்சாங்க. அதோட சரி. இப்போ காய்கறி லாரி. கத்தரிக்கா கம்ப்ளெய்ண்ட் பண்ணாது, அது ஒரு நிம்மதி. வேலை போனதைக்கூட மறந்திருப்பேன். அந்த லெட்டர்ல என்ன போட்டிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"சொந்தக் காரணத்துக்காக, வாரம் மூணு நாள், புக்கிட் பாஞ்சாங். நாள், புளோக் நம்பர் எல்லாம் போட்டு. என் வீட்டுக்காரி அதைப் படிச்சா சார்."

நான் அவரைப் பார்த்தேன்.

"யாரு அந்தப் பொம்பளைன்னு கேட்டா. எழுபது வயசு, கிட்னி பேஷண்டு, ஒரு அம்மான்னேன். 'பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சு, கொஞ்சம் நல்ல பொய்யா சொல்லக் கூடாதா'ன்னா." வாய் லேசாகக் கோணியது. "சிரிக்காதீங்க."

"சிரிக்கலை. அந்த அம்மாவை ஒரு தடவை அழைச்சுட்டு வந்து காட்டியிருக்கலாமே."

"எப்படி சார்? தன்னாலதான் எனக்கு வேலை போச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அந்த உடம்போட இனிமே வேனே வேணாம்னு இருந்துருவாங்க. அவங்க குணம் உங்களுக்குத் தெரியாதா? வீட்டுல இவ சண்டை போடுறதை நிறுத்திட்டா. ஆனா நம்பலை. நான் எங்க போனாலும் இப்பவும் எந்தப் பக்கம்னு கேக்குறா. புக்கிட் பாஞ்சாங்ல ஒரு கல்யாணத்துக்குக்கூட நான் போறதில்லை."

இந்த நாட்டில் எவ்வளவோ பதிவுகளைத் திருத்தியவன் நான். இப்படி ஒரு வீட்டுக்குள் என் பத்தி உட்கார்ந்திருக்கும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

"நான் மேல வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் லிப்ட் பக்கம் பார்த்தார். "வாங்க" என்றார்.

அவர் மனைவி மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "பழைய ஆபீஸ் சார்" என்று கணவர் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். கீழே சொன்னதைவிடச் சுருக்கமாக, நானே தப்பு செய்தேன் என்பதிலிருந்து தொடங்கி.

"அப்ப அந்த அம்மா நிஜமாவே இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. அவங்க வீட்டுல போய் வடை சாப்பிட்டிருக்கேன்."

"எழுபது வயசா?"

"எழுபத்து மூணு."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஒரு வயசைக்கூட உங்களுக்குச் சரியாச் சொல்லத் தெரியல." நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

நிறுவனத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். அதோடு நான் தமிழில் தட்டெழுதிக் கையெழுத்திட்ட என் சொந்தக் கடிதத்தையும். நிறுவனத்தின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, என்னுடையதை உரக்கப் படித்தார். மூன்று நாள் செதுக்கி எழுதியது. அதன் நடை எனக்கே திருப்தியாக இருந்தது. "நோயாளியின் மீது இரக்கம் கொண்டு, தம் கடமைக்கும் அப்பால் சென்று" என்ற இடத்தில் நிறுத்தினார்.

"இரக்கம்னு ஏன் போட்டீங்க சார்?"

"இவர் செய்தது அதுதானேம்மா."

"வீட்டுல ஏத்தி வீட்டுல இறக்குறதுதானே உங்க கம்பெனி வேலை? அதைத்தானே இவரு செஞ்சாரு. நீங்கதான் செய்யல."

ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். பயற்றங்காயை ஒதுக்கிவிட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்தார். முதல் வரியில் ஓட்டுநரின் முழுப் பெயரை இட்டுக் கையால் எழுதினேன்: அந்த அம்மாள் எங்கே வசிக்கிறார் என்பது எங்கள் அலுவலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. இவர் தம் வேலையைச் செய்தார். என் பதிவு தவறு. நான் சரிபார்க்காமல் இவரைக் குற்றவாளி ஆக்கினேன். கையெழுத்திட்டேன்.

அவர் மனைவி இரண்டு தடவை படித்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

"தேதி போடலையே சார்."

போட்டுக் கொடுத்தேன். அதை அவர் கோப்பில் வைக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில், மின்கட்டணச் சீட்டுக்கு மேலே, காந்தத்தால் ஒட்டினார். சற்றுத் தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கணவரிடம், "அந்த அம்மாவுக்கு என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு கேட்டு வைங்க. சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வரலாம். நானும் வர்றேன்" என்றார்.

ஓட்டுநர் ஏற்கெனவே நேராக இருந்த சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பெட்டியின் முன்னால் போய் நின்று தம் பெயர் இருந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.